அய்யாவின் கட்டத்தில் பூசிய மை

ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், சிறைத்தண்டனை பெற்றவர் என்றால் உள்ளே கறுப்பு மை. வம்ச வரைபடம் போடும் இந்த முறையைப் பேராசிரியர் ஒரு காலைப்பொழுதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். மத்தியானத்துக்குள் பழகிக்கொண்டேன். என் கை கோட்டை நேராக இழுக்கும். பள்ளியில் படம் வரைவதில் எனக்கு முன்னால் யாரும் நின்றதில்லை.

மதுரையில் வக்கீல் புதுத்தெருவில் ஒரு வக்கீல் வீட்டு மாடியை அவர் வாடகைக்கு எடுத்திருந்தார். முதலில் வக்கீல் தொழில் பார்த்தவர், பிறகு சென்னையில் சட்டம் கற்பித்தவர். அப்போது விடுப்பில் வந்து பட்டத்துக்காக ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். குற்றம் செய்யும் இயல்பு சில குடும்பங்களில் ரத்தத்தோடு இறங்கிவருகிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. மேல்நாட்டில் பலர் அப்படித்தான் என்று எழுதியிருந்தார்கள். இந்த நாட்டுக் கிராமங்களில் யாரும் சரியாகப் பார்த்ததில்லை என்றார். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லோரும் பிறந்த குற்றத்துக்காகவே போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை வைத்தவர்கள். சர்க்கார் அதற்கு நீளமான பெயர் வைத்திருந்தது. நாங்கள் ரேகைச் சட்டம் என்போம். வயதுவந்த ஆண் ஊரைவிட்டு வெளியே போக வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷன் எல்லைக்குள் தலை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதுவே ஒரு வழக்கு.

பெண்களிடம் போய்ப் பேச, அந்தப் பக்கத்துப் பேச்சு தெரிந்த படித்த பெண் ஒருத்தி வேண்டும் என்று நான் படித்த பள்ளியின் தலைமையாசிரியையிடம் அவர் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் யோசிக்காமல் என்னை அனுப்பினார். வேறு யாரை அனுப்புவது? எங்கள் ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் மதுரைக்கு வந்து விடுதியில் தங்கிப் பள்ளியிறுதி முடித்து, ஆசிரியப் பயிற்சியும் முடித்த பெண் நான் ஒருத்தி. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளும் நான்தான். மற்றவர்கள் எல்லாம் கட்டைவிரல்.

பேராசிரியர் நேர்மையானவர். எந்த ஊரின் பெயரும் வெளியே வரக்கூடாது என்று ஊர்களுக்கு எண் கொடுத்திருந்தார். ஸ்டேஷன்களில் இருந்த பழைய தண்டனைப் பதிவுகளைப் பார்த்து, மகன் பெயர், தகப்பன் பெயர், அவன் தகப்பன் பெயர் என்று கோத்துக் குடும்பங்களைப் பிரித்துவைத்திருந்தார். அவற்றைப் படமாக வரைவது என் வேலை.

ஒரு நாள் அவர் ஒரு தாளைக் கொடுத்து, "இதை மட்டும் பெரிதாக, அழகாகப் போடுங்கள் அம்மா. எனக்குக் கிடைத்ததிலேயே தெளிவான குடும்பம் இதுதான். மூன்று தலைமுறை, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. புத்தகத்தில் முதல் படமாக வரும்," என்றார்.

நான் மேலிருந்து தொடங்கினேன். எங்கள் பக்கத்தில் நாலு ஆணுக்கு மூன்று பேர் குலசாமி பெயரை வைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே மேல் வரிசைப் பெயர்கள் எனக்கு எதையும் சொல்லவில்லை. முதல் கட்டத்தில் இருந்தவர் கறுப்பு. அவருக்குக் கீழே அண்ணன் தம்பி மூவரில் இரண்டு கறுப்பு. அதற்கும் கீழே சகோதரர் நால்வர். மூத்தவர் கட்டத்தில் மை நிரப்பினேன். இரண்டாமவர் வெள்ளை. மூன்றாமவர் கட்டத்தை ஓரம் பிசகாமல் நிரப்பிவிட்டு, நாலாமவர் பெயரை எழுதப்போனபோது கை நின்றது. அந்த நாலு பெயர்களையும் அதே வரிசையில் ஒருவர் கூப்பிட நான் தினமும் கேட்டிருக்கிறேன். சோறு ஆறுகிறது, வாருங்கள் என்று என் அத்தை வாசலில் நின்று கூப்பிடும் வரிசை அது. மூன்றாவது பெயர் என் அய்யா.

மை இன்னும் காயவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது.

அய்யா சிறைக்குப் போனது எனக்குத் தெரியாதது அல்ல. நான் ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. எழுமலை ரோட்டில் யாரோ கிடையிலிருந்து ஆடு ஓட்டிப்போனதாக வழக்கு. "பொய்க் கேசு" என்று ஊரே சொன்னது. நானும் அப்படியே நம்பினேன். அதற்கு மேல் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் பாட்டனும், பாட்டனின் தகப்பனும், பெரியய்யாவும் போனார்கள் என்பதை அந்தத் தாளில்தான் ஒன்றாகப் பார்த்தேன். ஒருத்தர் என்றால் பொய்க் கேசு. மூன்று தலைமுறையும் பொய்க் கேசா?

எழுந்துபோய்ச் சொன்னேன். "சார், இது எங்க வீடு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியாது அம்மா. தெரிந்திருந்தால் உங்களிடம் கொடுத்திருக்க மாட்டேன். இதை எடுத்துவிடுகிறேன். வேறு குடும்பத்தைப் போட்டுக்கொள்ளலாம்," என்றார்.

அந்த வார்த்தையில்தான் எனக்குச் சுரீர் என்றது. எடுத்துவிட்டால் என்ன ஆகும்? படம் மறையும். ஆனால் அவர் மனத்தில் எங்கள் வீடு எடுக்கப்பட்ட வீடாக, கறுப்பான வீடாகவே இருக்கும். எனக்கு இரக்கப்பட்டு எடுத்தார் என்றும் ஆகும்.

"எடுக்க வேணாம் சார். உங்க கணக்குல எங்க வீடு இப்படி வந்ததுக்கு ரத்தம் காரணம் இல்ல. வேற காரணம் இருக்கு."

"என்ன காரணம்?"

"தெரியாது. கேட்டுக்கிட்டு வாரேன்."

அவர் சிரிக்கவில்லை. "பொங்கலுக்குப் பிறகு ஆய்வேட்டைச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் காரணம் கொண்டுவந்தால் மாற்றுகிறேன். காரணம் இல்லாமல் மாற்றினால் அது உங்களுக்குக் காட்டும் சலுகை, ஆராய்ச்சி இல்லை. இது உங்களுக்குப் புரியும்," என்றார்.

புரிந்தது. அதனால்தான் அவர்மேல் கோபம் வரவில்லை. எங்கள் ரத்தம் திருட்டு ரத்தம் என்று ஒரு புத்தகத்தின் முதல் படம் சொல்லப்போகிறது. அதைப் படித்தவர்கள் படிப்பார்கள், சட்டம் போடுகிறவர்கள் படிப்பார்கள். அதை நிறுத்துவதோ நிற்கவிடுவதோ என் கையில் இருந்தது.

யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று உசிலம்பட்டி வழியாகப் போன ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப்போயிருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பு கட்டிய பஸ்ஸில்தான் ஊருக்குப் போனேன். ஏற்றம் வந்த இடத்தில் எல்லோரும் இறங்கி நடந்தோம். பஸ் காலியாக ஊர்ந்துவந்து எங்களை ஏற்றிக்கொண்டது. அன்று எனக்கு எதுவுமே மெதுவாகத்தான் நகர்ந்தது.

மறுநாள் காலையில் எங்கள் தெருப் பெண்கள் விதைக்கடலை உடைக்க ஒரு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பேராசிரியரின் கேள்விகள் மனப்பாடம். தாளை எடுக்காமலே கேட்டேன்.

ஒரு சித்தி முதலில் என்னைக் கேட்டாள். "ஏ புள்ள, ஒங்க துரை எதுக்கு இம்புட்டு விசாரிக்கிறாரு? நம்ம வீட்டுல பொண்ணு எடுக்கப் போறாரா?"

"அவரு துரை இல்ல சித்தி. நம்ம தமிழ் ஆளுதான். புஸ்தகம் எழுதுறாரு."

"நம்மளப் பத்தியா? அப்ப எம் பேரையும் போடச் சொல்லு."

"பேரெல்லாம் போட மாட்டாரு."

"பேரு இல்லாம அது என்னா புஸ்தகம்? கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரு இல்லாத மாதிரி!"

முற்றம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கட்டும் என்று பார்த்து, "சித்தி, ஒங்க வீட்டுல யாராச்சும் ஜெயிலுக்குப் போயிருக்காகளா?" என்றேன்.

"எங்க வீட்டுல ஏது தாயி ஆளு? ஒத்த ஆம்பள. அதையும் அனுப்பிட்டா ஏரை நானா புடிக்கிறது?"

பக்கத்தில் இருந்தவள், "எங்களுக்கும் அதே கததான். எங்க கொழுந்தன் கொழும்புக்குப் போயிட்டாரு. மிச்சம் இவரு ஒருத்தருதான்," என்றாள்.

மூன்றாவதாக ஒரு அக்கா. "எங்க வீட்டுல கேட்டாக. எனக்கு அப்பப் பச்சப்புள்ள. பச்சப்புள்ளக்காரி வீடுன்னு விட்டுட்டாக."

நான் உடைத்த கடலை கையிலேயே இருந்தது. "யாருக்கா கேட்டாக?"

முற்றத்தில் கடலைத் தோடு உடையும் சத்தம் நின்றுபோனது. என் அத்தை, அய்யாவின் கூடப்பிறந்தவள், அங்கே இருந்த பெண்களில் மூத்தவள், முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "வெயில் ஏறுது. அள்ளுங்கடி," என்றாள். அவ்வளவுதான், முற்றம் காலியாகிவிட்டது.

நான் அத்தையின் பின்னாலேயே வீட்டுக்குப் போனேன். அவள் அடுப்பு மூட்டினாள். நான் வாசற்படியை மறித்து நின்றேன்.

"அத்தை, யாரு கேட்டாக?"

"ஒனக்கு எதுக்கு? நீ மதுரையில ஒக்காந்து படம் போடு."

"அந்தப் படத்துலதான் அத்தை நம்ம வீடு இருக்கு. நம்ம ரத்தத்துலயே களவு இருக்குன்னு புஸ்தகத்துல வரப்போகுது. பாட்டன், பெரியய்யா, அய்யா எல்லாரையும் கறுப்பு மையில போட்டிருக்கு. நான்தான் என் கையால போட்டேன்."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "களவா? ஒங்கய்யாவா? அவன் எங்க ஆத்தா வச்ச மொச்சக்கொட்டைய எடுத்துத் திங்கவே நாலு பக்கமும் பாத்துட்டுக் கடைசியில எடுக்காம வருவான்."

பிறகு சொன்னாள். கோபத்தில்தான் சொன்னாள். கோபம் இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டாள்.

களவு ஏதாவது நடந்தால் ஸ்டேஷனுக்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் ஊர் முழுவதையும் வரிசையில் நிறுத்துவார்கள். சீட்டுக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். சீட்டு இல்லையென்றால் சந்தை இல்லை, கூலி வேலை இல்லை, சாவுக்குக்கூட அடுத்த ஊர் போக முடியாது. அதனால் ஊர்ப் பொது இடமான மந்தையில் கூடி ஓர் ஆளைக் கொடுத்துவிடும். யார் திருடியது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. யார் போக முடியும் என்றுதான் பார்ப்பார்கள். ஒற்றை ஆண் உள்ள வீட்டைக் கேட்க மாட்டார்கள். பச்சைப்பிள்ளை இருக்கும் வீட்டைக் கேட்க மாட்டார்கள். விதைப்பு முடிந்திருக்க வேண்டும், போகிறவன் திரும்பும்வரை வீட்டைத் தாங்க அண்ணன் தம்பி இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் ஆண்பிள்ளைகள் அதிகம்.

"பாட்டன் காலத்துல மூணு பேரு. ஒங்கய்யா காலத்துல நாலு தடிப்பயக. அப்புறம் எந்த வாசல்ல வந்து நிப்பாக? போறவன் ஊருகிட்ட ஒண்ணு கேக்கலாம். அது மொற. எங்கய்யா கெணத்த ஆழப்படுத்திக் கேட்டாரு. ஊரு வெட்டிக் குடுத்துச்சு. மூத்த அண்ணன் கூரை கேட்டாரு. ஒங்கய்யா என்ன கேட்டான்னு தெரியுமா?"

"என்ன கேட்டாரு?"

"ஒன்னய!"

எனக்கு விளங்கவில்லை.

"எம் மக போதும்னு சொல்ற வரைக்கும் படிப்பா. மொற கேட்டு எவனும் வாசல்ல வந்து நிக்கக் கூடாது. வயசுக்கு வந்த புள்ள டவுன்ல கெடக்கான்னு ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது. ஊருதான் அவளைக் கொண்டுபோயி விடணும், கூட்டியாரணும். இதக் கேட்டுட்டுத்தான் போனான். மந்தையில அம்புட்டுப் பேரு முன்னால. மொற கேக்க வேண்டியவ யாரு? நான்! எம் மகனுக்கு நீதானேடி கட்டிக்கிற மொற? எங் கூடப்பெறந்தவனே ஊரைக் கூட்டி வச்சு எம் வாயை அடச்சிட்டுப் போயிட்டான்."

அதற்குமேல் அவளால் கோபமாக இருக்க முடியவில்லை. "சோறு தின்னுட்டுப் போ," என்றாள்.

விடுமுறைக்கு விடுமுறை மதுரையில் விடுதி வாசலில் எனக்காக யாராவது வந்து காத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள். உசிலம்பட்டியில் இறங்கினால் ஊர் வண்டி நிற்கும், அதுவும் வேறு வேறு வீட்டு வண்டி. வண்டியில் எனக்கு மட்டும் வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருப்பார்கள். முதல் முதலாகப் படிக்கப்போன பெண் என்பதால் ஊருக்கே என்னால் பெருமை, அதனால்தான் இப்படித் தாங்குகிறார்கள் என்று எண்ணிக்கொள்வேன். ஜமுக்காளத்தில் நிமிர்ந்துதான் உட்காருவேன். அந்த ஆட்கள் ஒவ்வொருவரும் என்னைக் கூட்டிவருவதற்காக ஸ்டேஷனில் நின்று சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள் என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன். அவர்கள் என் படிப்பைத் தாங்கவில்லை. என் அய்யாவுக்குச் சொன்ன சொல்லைத் தாங்கினார்கள். அவர்களில் ஒருவன் அந்த ஆட்டை ஓட்டிப்போனவனாகக்கூட இருக்கலாம்.

அய்யா கிணற்றடியில் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நிற்பதைப் பார்த்து மாட்டை நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்ததுமே, "ஒங்க அத்தைக்கு வாயில பூட்டு நிக்காது," என்றார்.

"ஏன் என்கிட்டச் சொல்லலங்கய்யா?"

"சொன்னா நீ படிச்சிருப்பியா? பெரிய ரோசக்காரி. வேணாம்னு திரும்பி வந்திருப்ப."

அது உண்மை. படத்தைப் பற்றிச் சொன்னேன். மூன்று தலைமுறையை, முதல் பக்கத்தை, பொங்கலுக்குப் பிறகு அது சென்னைக்குப் போவதை. "அவருகிட்ட உள்ளதச் சொல்லிட்டா மாத்திருவாரு. நேர்மையான மனுசன்."

அய்யா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். "சொல்லிட்டா அப்புறம்?"

அப்புறம் என்ன என்று எனக்கும் தெரியும். பேராசிரியரின் அலமாரியில் இருந்த தண்டனைச் சட்டத்தை நான் படித்திருக்கிறேன். செய்யாத களவைச் செய்ததாகச் சொல்வது, சொல்லவைப்பது, செய்தவனை மறைப்பது எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனிப் பிரிவு உண்டு. புத்தகத்தில் வந்துவிட்டால் ஊரே குற்றவாளி. இதுவரை எங்கள் வீட்டில் இருந்த கறுப்பு மை எல்லா வீட்டிலும் பரவும். ஊருக்கு எண் போட்டிருந்தாலும் ஸ்டேஷன்காரர்களுக்கு எண் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க அரை நாள் போதும்.

"அய்யா, அந்த ஆட்டை யாரு ஓட்டுனது?"

"எனக்குத் தெரியாது தாயி. கேக்குறது வழக்கமில்ல. தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் அவன் மூஞ்சியில எப்புடி முழிக்கிறது?"

"அப்ப நம்ம வீடு புஸ்தகத்துல அப்படியே கெடக்கட்டுமா?"

"ஊருக்குக் குடுத்த வாக்க ஒடைக்காத. அதுக்காக அந்த மனுசன்கிட்டப் பொய்யும் சொல்லாத. நீதான் படிச்சவளாச்சே, நடுவுல ஒரு வழி இருக்கும், பாரு," என்றவர் மறுபடி மாட்டை அதட்டினார். கமலைச் சால் உள்ளே இறங்கியது.

வாய்க்கால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் பாத்தி பாத்தியாக ஏறியது. ஊர் வெட்டிக் கொடுத்த கிணறு, பாட்டன் கேட்டு வாங்கிய தண்ணீர். காலையில் கேட்ட பதில்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒத்த ஆம்பள. கொழுந்தன் கொழும்பில். பச்சப்புள்ள. யாரும் எந்த ரகசியத்தையும் சொல்லிவிடவில்லை. தங்கள் வீட்டில் எத்தனை ஆண்கள் என்று மட்டும்தான் சொன்னார்கள்.

அடுத்த சால் மேலே வந்ததும் கேட்டேன். "அய்யா, ஒவ்வொரு வீட்டுலயும் அந்தந்தக் காலத்துல எத்தன ஆம்பளன்னு கேட்டு எழுதிக்கிட்டா தப்பா?"

அய்யா முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மெதுவாகப் பரவியது. "ஆம்பளைய எண்ணுறதுல என்ன ரகசியம்? சர்க்காரு தெனமும் எண்ணிக்கிட்டுத்தானே இருக்கான்."

அந்தத் தடவை ஊரில் அதிக நாள் தங்கினேன். எல்லா வீட்டு வாசலுக்கும் போனேன். ஜெயில் என்ற சொல்லையே எடுக்கவில்லை. இன்ன பஞ்சம் வந்தபோது, இன்ன திருவிழா நின்றுபோனபோது, ரயில் முதல்முதலாக ஓடியபோது உங்கள் வீட்டில் ஏர் பிடிக்கிற ஆண் எத்தனை பேர்? அது மட்டும்தான். சிலர் சந்தேகமாகப் பார்த்தார்கள். கேள்விகளின் போக்கு பிடிபட்ட சிலர் என்னை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார்கள். அந்தச் சித்தி மட்டும், "இதுலயும் எம் பேரு வராதாக்கும்," என்றாள்.

மதுரைக்குத் திரும்பிப் பேராசிரியரின் மேசையில் அந்தத் தாள்களை வைத்தேன். "உங்க தண்டனைக் கணக்குக்குப் பக்கத்துல இத ஒரு பத்தியாச் சேர்த்துப் பாருங்க சார்," என்றேன்.

அவர் எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து ஒப்பிட்டுக்கொண்டு வந்தார். காப்பி ஆறிப்போனது. கீழே வக்கீலுக்குக் காத்திருந்த கட்சிக்காரர்கள் பேசும் சத்தம் மாடிப்படி ஏறிவந்தது. ஆண்கள் கூட்டமாக இருந்த வீடுகளில்தான் கறுப்பு. ஒற்றை ஆண் வீடுகள் பெரும்பாலும் வெள்ளை. எங்கள் வீட்டில் ஆள் குறைந்திருந்த காலத்தில் எங்கள் வீடும் வெள்ளை. ரத்தம் அப்படி ஆள் எண்ணிக்கை பார்த்து ஏறி இறங்காது.

"இதற்கு என்ன அர்த்தம்?" என்றார்.

"அத நான் சொல்லக் கூடாது சார். கணக்கு என்ன சொல்லுதோ அத நீங்க எடுத்துக்கங்க."

"சொல்லக் கூடாதா, தெரியாதா?"

"சொல்லக் கூடாது."

அவர் என்னை அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு கட்சிக்காரன் வாயை மூடிக்கொண்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். எழுந்துபோய் வழக்குக் குறிப்புகளை வைத்திருந்த கட்டை எடுத்துவந்தார். எங்கள் ஊர்த் தாள்களைத் தனியே பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தவர் நடுவில் நிறுத்தி, வழுக்கைத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"நான் எவ்வளவு பெரிய மடையன்! இதைப் பாருங்கள். எல்லோரும் முதல் வாய்தாவிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர்கூட வக்கீல் வைக்கவில்லை. ஒருவர்கூட அப்பீல் போகவில்லை. பழகிப்போன குற்றவாளிகள், வெட்கமே இல்லாதவர்கள், அதனால்தான் ஒப்புக்கொள்கிறார்கள் என்று எழுதியிருக்கிறேன் அம்மா, என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நான் கோர்ட்டில் நின்ற காலத்தில் உண்மையாகத் திருடியவன் ஒருவன்கூட முதல் வாய்தாவில் ஒப்புக்கொண்டது கிடையாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவ்வளவு கடினமாக இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அவர் அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டார். எங்கள் வீட்டை மட்டும் அல்ல, வம்சப் படங்கள் எல்லாவற்றையும். மற்ற ஊர்களிலும் இப்படி ஏதாவது இருக்காது என்று எப்படிச் சொல்வது என்றார். தண்டனைப் பதிவை வைத்து யார் குற்றம் செய்தார்கள் என்று சொல்ல முடியாது, யாரைத் தண்டித்தார்கள் என்று மட்டுமே சொல்லலாம் என்று அதற்குப் பதில் ஒரு சிறிய பகுதி எழுதினார். ஏன் என்பதற்கு ஊர்ப்பெயரோ காரணமோ சொல்லவில்லை. ஆதாரத்தைக் காட்டாமல் முடிவை மட்டும் சொன்னால் பரீட்சிப்பவர்கள் ஏற்பார்களா என்ற பயம் அவருக்கு இருந்தது. பயந்தபடியே ஆயிற்று. திருத்தி அனுப்பும்படி திரும்பிவந்தது. பட்டம் தள்ளிப்போனது. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு தடவைகூடக் குறைப்பட்டதில்லை. அவர் பட்ட நஷ்டத்தை நினைக்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படம் புத்தகத்தில் வராமல் போனதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை.

வேலை முடிந்து நான் விடைபெற்றபோது படத்தைச் சுருட்டி என்னிடமே கொடுத்தார். "கிழித்துப்போட எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவு நேர்த்தியாகப் போட்டிருக்கிறீர்கள்," என்றார்.

பிறகு ரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். சேதி வந்த அன்று எங்கள் ஊர் ஆண்பிள்ளைகள் சீட்டு இல்லாமல் உசிலம்பட்டிச் சந்தை வரைக்கும் சும்மா நடந்துபோய்விட்டு வந்தார்களாம். வாங்குவதற்கோ விற்பதற்கோ ஒன்றும் இல்லையாம். நான் அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது படத்தையும் கொண்டுபோனேன். நடந்ததையெல்லாம் எழுதலாமா என்று அய்யாவிடம் கேட்க வேண்டியிருந்தது.

முற்றத்தில் விரித்துக் காட்டினேன். அத்தையும் வந்து குனிந்து பார்த்தாள். அய்யா தன் கட்டத்தைத் தானே கண்டுபிடித்தார், நாலில் மூன்றாவது.

"நல்லாத்தான் பூசியிருக்க. சுவத்துக்குச் சுண்ணாம்பு பூசுறவனுக்குக்கூட இப்படி வராது," என்றார். பிறகு கோடுகளின்மேல் விரலை ஓட்டினார். "இந்தக் கோடெல்லாம் என்னா?"

"ரத்த சம்பந்தம். தகப்பன் மகன், அண்ணன் தம்பி."

"சரி. இதுல ஊரு எங்க இருக்கு?"

நான் படத்தைப் பார்த்தேன். கட்டம் இருக்கிறது, வட்டம் இருக்கிறது, கோடு இருக்கிறது. ஊருக்கென்று பேராசிரியர் எனக்கு ஒரு குறியும் சொல்லித்தரவில்லை. "ஊருக்கு இதுல எடம் இல்லங்கய்யா," என்றேன்.

"அப்பத் தப்பாத்தான் வரும்," என்றார் சாதாரணமாக. "எழுதணும்னா எழுது. இனி யாரும் ரேகை வைக்க வேண்டியதில்ல. ஆனா ஊரு பேரும் வேணாம், ஆளு பேரும் வேணாம்."

"சித்திக்குத்தான் வருத்தமா இருக்கும்," என்றாள் அத்தை.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் சொன்னேன். சென்னையில் சட்டம் படிக்கச் சேரப்போகிறேன் என்று. பேராசிரியர் சிபாரிசு எழுதித்தந்திருந்தார். இடம் கிடைத்துவிடும் போல இருந்தது.

அய்யா படத்தைச் சுருட்டி, மூலையில் கிடந்த நாரை எடுத்துக் கட்டி என்னிடம் நீட்டினார்.

"மெட்ராசா? அம்புட்டு தூரத்துக்கு ஊரு வண்டி வராது தாயி. அதுக்கும் சேத்துக் கேக்கணும்னா நான் இன்னொரு தடவ உள்ள போகணும். இந்த வயசுல எவன் என்னை எடுத்துக்குவான்?"

அத்தை அடுப்படியிலிருந்து கத்தினாள். "நீ ஒண்ணும் போக வேணாம். சட்டம் படிச்சவ வீட்டுல இருந்தா அப்புறம் யாரு போறா ஜெயிலுக்கு? அவளச் சீக்கிரம் போகச் சொல்லு."